லிங்க் விளக்கு எரிந்தால் மட்டும் போதாது: புது போர்டில் ஈதர்நெட்டை ஓட வைத்த அனுபவம்

புதிதாக வந்த ஓர் எம்பெடட் போர்டில் ஈதர்நெட் கேபிளைச் செருகியதும் பச்சை விளக்கு எரிந்தால் மனசு லேசாகிவிடும். அந்த விளக்கை நம்பி அடுத்த வேலைக்குப் போய்விடக் கூடாது என்பதை இந்தத் தொழில் எனக்குத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறது. லிங்க் வந்திருக்கும், பிங் (எதிர்முனை பதில் சொல்கிறதா என்று கேட்டுப் பார்க்கும் சின்னச் சோதனை) போகாது. பிங் போகும், பெரிய ஃபைலை அனுப்பினால் பாதியில் நின்றுவிடும். மேஜையில் நன்றாக ஓடும், பெட்டிக்குள் வைத்து மூடினால் கொஞ்ச நேரத்தில் தடுமாறும். மூன்றுக்கும் காரணம் மூன்று வேறு இடங்களில் இருக்கும். எதுவரை சரியாக இருக்கிறது, எங்கிருந்து கெடுகிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் ஒரே நாளில் முடிகிற வேலை, தெரியாவிட்டால் வாரக்கணக்கில் இழுத்தடிக்கும்.

பெரும்பாலான போர்டுகளில் ஈதர்நெட் இரண்டு துண்டாக இருக்கிறது. பிராசஸருக்குள் இருப்பது மேக். டேட்டாவை ஃபிரேம் என்ற பொட்டலமாகக் கட்டுவது, பிரிப்பது, டிஎம்ஏ வழியாக (பிராசஸர் கை வைக்காமலே) மெமரியில் எடுத்து வைப்பது எல்லாம் அதன் பொறுப்பு. வெளியே தனிச் சிப்பாக உட்கார்ந்திருப்பது ஃபை. கம்பியில் ஓடும் சிக்னலை அது பார்த்துக்கொள்கிறது. இரண்டுக்கும் நடுவில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று டேட்டா போகும் வழி: ஆர்எம்ஐஐ அல்லது ஆர்ஜிஎம்ஐஐ. இன்னொன்று எம்டிஐஓ என்கிற இரண்டு கம்பி வழி. இதில் டேட்டா போகாது. ஃபையின் ரெஜிஸ்டர்களை (அமைப்பும் நிலையும் இருக்கும் சிறு நினைவிடங்கள்) படிக்கவும் எழுதவும் மட்டும்தான். ஃபைக்கு அந்தப் பக்கம் டிரான்ஸ்ஃபார்மர், அதன் பிறகு ஆர்ஜே45 சாக்கெட்.

இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், லிங்க் விளக்கு சொல்வது எவ்வளவு குறைவு என்பது தெரியும். நம் ஃபையும் எதிர்முனையில் உள்ள ஃபையும் தங்களுக்குள் பேசி முடித்துவிட்டன, அவ்வளவுதான். பல ஃபை சிப்புகள் பவரும் க்ளாக்கும் கிடைத்து ரீசெட்டிலிருந்து வெளியே வந்தாலே போதும், யாரையும் கேட்காமல் ஆட்டோ நெகோஷியேஷனை (இரு முனையும் வேகத்தைத் தாமாகப் பேசி முடிவு செய்வது) முடித்து லிங்க்கைப் பிடித்துவிடும். பிராசஸரில் ஒரு வரி சாஃப்ட்வேர் ஓட வேண்டியதில்லை. ஆகவே விளக்கு எரிந்தால் சாக்கெட்டிலிருந்து ஃபை வரை சரி. ஃபையிலிருந்து பிராசஸர் வரை என்ன நிலை என்று அந்த விளக்குக்கே தெரியாது. நான் பார்த்த தொல்லைகளில் பெரும்பகுதி அந்த இரண்டாவது பாதியில்தான் இருந்தது.

பூட்லோடரிலிருந்து தொடங்குவது

லினக்ஸை பூட் செய்துவிட்டு அங்கே தேட ஆரம்பிப்பதை நான் விரும்புவதில்லை. அங்கே டிரைவர், டிவைஸ் ட்ரீ (போர்டில் எது எப்படி இணைந்திருக்கிறது என்று லினக்ஸுக்குச் சொல்லும் ஃபைல்), பவர் மேனேஜ்மென்ட், முகவரி கொடுக்கும் சர்வீஸ் என்று ஒரே நேரத்தில் பல கைகள் வேலை செய்கின்றன. லினக்ஸை ஏற்றிவிடும் பூட்லோடரான யு-பூட்டில் அவ்வளவு கூட்டம் இல்லை. அங்கே நிறுத்தி, முதலில் எம்டிஐஓ லிஸ்ட் கட்டளையைக் கொடுங்கள். எந்த முகவரியில் எந்த ஃபை பதில் சொல்கிறது என்று காட்டும். 5 பிட் முகவரி என்பதால் 0 முதல் 31 வரை சாத்தியம். பிறகு ரெஜிஸ்டர் 2, 3 இரண்டையும் படியுங்கள். அவற்றில்தான் சிப்பின் அடையாள எண் இருக்கிறது. டேட்டாஷீட்டில் உள்ள எண்ணோடு அது ஒத்துப்போனால் எம்டிஐஓ வழி, ரீசெட், பவர் எல்லாம் ஒரே அடியில் தேறிவிட்டன.

படித்ததில் எல்லா பிட்டும் 1 என்று வந்தால் அந்த முகவரியில் பதில் சொல்ல யாரும் இல்லை என்று பொருள். எம்டிஐஓ கம்பியை ஒரு புல்-அப் ரெசிஸ்டர் மேலே இழுத்துப் பிடித்திருப்பதால், யாரும் அதைக் கீழே இறக்காவிட்டால் எல்லாமே 1 ஆகத்தான் தெரியும். இந்த நிலையில் சாஃப்ட்வேரைக் குடைவதில் பயனில்லை. ஆஸிலோஸ்கோப்பை எடுத்து மூன்று இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்: ஃபையின் ரீசெட் பின் உயர்ந்திருக்கிறதா, அதன் க்ளாக் ஓடுகிறதா, எம்டிஐஓ வழியின் க்ளாக்கான எம்டிசி கம்பியில் துடிப்பு தெரிகிறதா. ரீசெட்டை விட்ட உடனே படித்தாலும் இதே விடைதான் வரும். ரீசெட்டுக்குப் பிறகு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று டேட்டாஷீட்டில் இருக்கும். அந்த எண்ணை அப்படியே டிவைஸ் ட்ரீயிலும் போட்டுவிடுங்கள்.

ஃபையின் முகவரி பெரும்பாலும் ஸ்ட்ராப் பின்களால் முடிவாகிறது. ரீசெட்டிலிருந்து வெளியே வரும் கணத்தில் சில பின்களில் இருக்கும் வோல்டேஜைச் சிப் படித்து வைத்துக்கொள்ளும். அதே பின்கள் பிறகு எல்இடி ஓட்டவோ டேட்டா அனுப்பவோ பயன்படும். சிக்கல் அங்கேதான் முளைக்கிறது. நான் வேலை பார்த்த ஒரு போர்டில் வரைபடத்தின்படி முகவரி 1. கேட்டால் 5-லிருந்து பதில் வந்தது. 1-க்கும் 5-க்கும் ஒரே ஒரு பிட்தான் வித்தியாசம். அந்த பிட்டுக்குரிய பின்னில் ஓர் எல்இடி தொங்கிக்கொண்டிருந்தது. எல்இடியும் அதன் ரெசிஸ்டரும் சேர்ந்து பின்னை மேலே இழுத்திருந்தன. முகவரி மாறினால் டிவைஸ் ட்ரீயில் ஒரு எண்ணை மாற்றிச் சமாளித்துவிடலாம். ஆனால் இதே ஸ்ட்ராப் பின்கள்தான் டேட்டா வழி எந்த வகை, டிலே (தாமதம்) உண்டா இல்லையா என்பதையும் முடிவு செய்கின்றன. முகவரி தவறி வந்தால் மற்ற ஸ்ட்ராப்புகளையும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்காமல் நகரக் கூடாது.

இன்னொரு சின்ன விஷயம். லிங்க் இருக்கிறதா என்று சொல்லும் பிட், ரெஜிஸ்டர் 1-இல் பிட் 2. லிங்க் ஒரு கணம் விழுந்தாலும் அது 0 ஆகி, ஒரு முறை படிக்கும்வரை 0 ஆகவே நிற்கும். எனவே இரண்டு முறை படியுங்கள். இரண்டாவதுதான் இப்போதைய நிலை. முதலாவது 0, இரண்டாவது 1 என்றால் இடையில் லிங்க் விழுந்து எழுந்திருக்கிறது. கேபிளைத் தொடவே இல்லை என்றால் அது கவனிக்க வேண்டிய தகவல்.

இவ்வளவும் சரியென்றால் போர்டுக்கு ஐபி முகவரி கொடுத்து பிங் செய்யலாம். போர்டிலிருந்து கம்ப்யூட்டருக்குத்தான் செய்ய வேண்டும். யு-பூட்டில் ஒரு நெட்வொர்க் கட்டளை ஓடும் நேரத்தில் மட்டும்தான் அது பாக்கெட்டுகளைக் கவனிக்கும். கம்ப்யூட்டரிலிருந்து போர்டுக்கு பிங் செய்து பதில் இல்லை என்று கவலைப்படுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு நானோ வினாடி

கிகாபிட் போர்டுகளில் நான் அதிகம் நேரம் செலவழித்தது ஆர்ஜிஎம்ஐஐ டிலேயோடு. இதை நிதானமாகச் சொல்ல வேண்டும்.

ஆர்ஜிஎம்ஐஐயில் கிகாபிட் வேகத்துக்கு க்ளாக் 125 மெகாஹெர்ட்ஸ், அதாவது ஒரு சுற்றுக்கு 8 நானோ வினாடி. டேட்டா நான்கு கம்பியில், க்ளாக் ஏறும்போது ஒரு முறையும் இறங்கும்போது ஒரு முறையும் போகிறது. ஆக ஒவ்வொரு நான்கு பிட்டும் கம்பியில் நிற்பது 4 நானோ வினாடி மட்டும். க்ளாக்கும் டேட்டாவும் ஒரே கணத்தில் மாறினால் எதிரில் இருப்பவர் டேட்டா மாறிக்கொண்டிருக்கும்போதே அதைப் படிக்க நேரும். அதனால் க்ளாக்கைச் சுமார் 2 நானோ வினாடி தள்ளிவைத்து, டேட்டா நிலையாக நிற்கும் நடுப்பகுதியில் அதன் விளிம்பு விழும்படி செய்கிறார்கள்.

இந்தத் தாமதத்தை மூன்று இடத்தில் உண்டாக்கலாம். பிசிபியில் க்ளாக் டிரேஸை நீளமாக்கலாம். சாதாரண பிசிபியில் 2 நானோ வினாடிக்குக் கிட்டத்தட்ட 30 செ.மீ. கூடுதல் நீளம் வேண்டும் என்பதால் இப்போது யாரும் அவ்வளவாகச் செய்வதில்லை. மேக்கில் சேர்க்கலாம். ஃபையில் சேர்க்கலாம். ஒவ்வொரு திசைக்கும் ஒரே ஒருவர்தான் சேர்க்க வேண்டும். யாரும் சேர்க்காவிட்டாலும் கெடும், இரண்டு பேர் சேர்த்தாலும் கெடும். டிவைஸ் ட்ரீயில் ஃபை மோட் என்று எழுதுகிறோமே, அது இதற்குத்தான். ஆர்ஜிஎம்ஐஐ-ஐடி என்றால் இரண்டு திசைக்கும் ஃபை சேர்க்க வேண்டும். ஆர்எக்ஸ்ஐடி, டிஎக்ஸ்ஐடி என்றால் அந்தந்தத் திசைக்கு மட்டும். வெறும் ஆர்ஜிஎம்ஐஐ என்றால் ஃபை எதையும் சேர்க்கக் கூடாது. இன்னொரு போர்டின் ஃபைலிலிருந்து இந்த வரியை அப்படியே எடுத்துப் போடுவது ஆபத்து. ஃபையும் ஸ்ட்ராப்பும் மாறினால் விடையும் மாறும்.

டிலே தவறாக இருந்தால் தெரியும் அறிகுறி இதுதான்: லிங்க் 1000 என்று வரும், பிங் போகாது, அல்லது பத்தில் சில மட்டும் போகும். அந்த நேரத்தில் நான் முதலில் செய்வது வேகத்தைக் குறைத்துப் பார்ப்பது. லினக்ஸில் நெட்வொர்க் கார்டைப் பார்க்கவும் மாற்றவும் உதவும் எத்டூல் கட்டளையின் அட்வர்டைஸ் ஆப்ஷனுக்கு 8 என்று கொடுத்தால் 100 எம்பிபிஎஸ் ஃபுல் டூப்ளெக்ஸை (ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் முடிவது) மட்டும் நம் பக்கம் அறிவிக்கும். 100-இல் க்ளாக் 25 மெகாஹெர்ட்ஸ், ஒரு சுற்று 40 நானோ வினாடி, அதற்கு ஒரு முறைதான் டேட்டா. இரண்டு நானோ வினாடி முன்பின் ஆனாலும் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். 100-இல் சுத்தமாக ஓடி 1000-இல் மட்டும் கெட்டால் ஏறக்குறைய டிலேதான் காரணம். கேபிளில் ஒரு ஜோடி அறுந்திருக்கவும் வாய்ப்புண்டு. 100-க்கு இரண்டு ஜோடி போதும், கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். ஆனால் அறுந்த ஜோடியோடு 1000 லிங்க்கே நிலைக்காது. அதனால் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

அடுத்த கேள்வி, எந்தத் திசை கெட்டிருக்கிறது என்பது. இதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், நேராகக் கேபிளால் இணைத்த ஒரு கம்ப்யூட்டர் போதும். நடுவில் ஸ்விட்ச் வைக்காதீர்கள். கெட்ட ஃபிரேம்களை ஸ்விட்ச் தானே தூக்கிப் போட்டுவிடும், தடயம் நமக்குக் கிடைக்காது. போர்டிலிருந்து பிங் கொடுங்கள். முதலில், இந்த ஐபி யாருடையது என்று கேட்கும் ஏஆர்பி கேள்வி கிளம்பும். வந்து போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பைக் கம்ப்யூட்டரில் ஓட்டினால் அந்தக் கேள்வி வந்து சேர்கிறதா என்று தெரியும். எதுவும் தெரியவில்லை என்றால், கம்ப்யூட்டரில் எத்டூல் காட்டும் புள்ளிவிவரத்தில் சிஆர்சி பிழை எண்ணை (வழியில் சிதைந்து வந்த ஃபிரேம்களின் எண்ணிக்கை) பாருங்கள். ஒரு போர்டில் இப்படிப் பார்த்தபோது டிசிபிடம்ப் வெறுமையாக இருந்தது, ஆனால் ஒவ்வொரு பிங்குக்கும் கம்ப்யூட்டரின் சிஆர்சி எண் ஒன்று ஒன்றாக ஏறியது. சங்கதி அதிலேயே விளங்கிவிட்டது. ஃபிரேம் கம்பியைத் தாண்டி வருகிறது; வழியில் பிட்டுகள் சிதைந்து வருகின்றன; கம்ப்யூட்டரின் கார்டு அதைக் குப்பையில் போடுகிறது. மேக் தவறான நேரத்தில் கொடுத்த பிட்டுகளை நம் ஃபை உண்மையென்று நம்பி அப்படியே கம்பியில் ஏற்றியிருக்கிறது. அதாவது அனுப்பும் திசையின் டிலே. இதற்கு மாறாக, கேள்வி நன்றாக வந்து, கம்ப்யூட்டர் பதிலும் அனுப்பி, போர்டு பக்கம் சிஆர்சி எண் ஏறினால் வாங்கும் திசையின் டிலே. இரண்டு பக்கத்து எண்களையும் சேர்த்துப் பார்த்தால் ஊகத்துக்கே இடமில்லை.

யு-பூட்டில் போகிறது, லினக்ஸில் போகவில்லை

இந்தப் புகாரை எல்லா எம்பெடட் ஆட்களும் ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள். நான் பார்த்தவரை காரணங்கள் சிலவற்றுக்குள் அடங்கிவிடும்.

முதலாவது, ஃபைக்குரிய டிரைவர் லினக்ஸின் மையமான கெர்னலில் சேர்க்கப்படாமல் இருப்பது. அப்போது கெர்னல் பொதுவான டிரைவரைக் கட்டிவிடும். பூட் செய்திகளில் ஜெனரிக் ஃபை என்று ஒரு வரி இருக்கும். பொதுவான டிரைவருக்கு லிங்க்கைப் பார்க்கத் தெரியும், அந்தச் சிப்பின் டிலே ரெஜிஸ்டர்கள் தெரியாது. இதில் ஆளைச் சுற்றவைக்கும் வகை ஒன்று உண்டு. யு-பூட்டில் பிங் செய்துவிட்டு லினக்ஸுக்குப் போனால் எல்லாம் ஓடும். நேராக பூட் ஆனால் ஓடாது. யு-பூட் எழுதி வைத்த டிலே சிப்பிலேயே தங்கியிருந்து லினக்ஸைக் காப்பாற்றிவிடுகிறது. டிஎஃப்டிபி வழியாக, அதாவது நெட்வொர்க்கிலிருந்து, கெர்னலை இறக்கும் டெவலப்பர் மேஜையில் தினமும் எல்லாம் நன்றாகவே ஓடும். போர்டிலேயே உள்ள இஎம்எம்சி மெமரியிலிருந்து பூட் ஆகும்போதுதான் உண்மை வெளிவரும். அதனால் நெட்வொர்க்கை யு-பூட்டில் தொடாமல், பவரை முழுதாகத் துண்டித்து மீண்டும் கொடுத்துப் பார்ப்பதை நான் கட்டாயமாக வைத்திருக்கிறேன். வெறும் ரீபூட் இதற்கு ஈடாகாது.

இரண்டாவது, க்ளாக். கெர்னல் பூட் முடியும் தறுவாயில், எந்த டிரைவரும் கேட்காத க்ளாக்குகளை நிறுத்திவிடும். ஃபைக்குப் போகும் க்ளாக்கைப் பிராசஸர் கொடுத்துக்கொண்டிருந்து, அதை டிவைஸ் ட்ரீயில் எழுதாமல் விட்டிருந்தால், அது அந்தக் கணத்தில் செத்துப்போகும். பயன்படாத க்ளாக்கையும் விட்டுவை என்று கெர்னலுக்குச் சொல்லும் பூட் ஆர்க்யூமென்ட் இருக்கிறது. அதைப் போட்டதும் நெட்வொர்க் ஓடினால் நோய் பிடிபட்டது. அதையே மருந்தாக விட்டுவிடாமல் டிவைஸ் ட்ரீயில் க்ளாக்கைச் சரியாக எழுதுங்கள். ஆர்எம்ஐஐ போர்டுகளில் 50 மெகாஹெர்ட்ஸ் க்ளாக்கை யார் கொடுக்கிறார்கள் என்பது போர்டுக்குப் போர்டு மாறும்: பிராசஸர், ஃபை, தனி ஆஸிலேட்டர் மூன்றும் புழக்கத்தில் உண்டு. இருவரும் கொடுத்தாலும் இருவரும் எதிர்பார்த்து நின்றாலும் டேட்டா நகராது.

டிஎம்ஏவை ரீசெட் செய்ய முடியவில்லை என்ற பிழைச் செய்தியும் க்ளாக் பக்கம்தான் கை காட்டுகிறது. சில மேக்குகளில் ஃபையிலிருந்து வரும் க்ளாக் இல்லாமல் அந்த ரீசெட் முடிவதே இல்லை. செய்தியில் டிஎம்ஏ என்று இருப்பதால் மெமரியில் போய்த் தேட வேண்டாம்.

மேக் முகவரி, அதாவது ஒவ்வொரு நெட்வொர்க் போர்ட்டுக்கும் உரிய தனி அடையாள எண், பற்றிச் சுருக்கமாக. போர்டில் முகவரி எழுதப்படாவிட்டால் பல டிரைவர்கள் ஒவ்வொரு பூட்டிலும் ஒரு புது முகவரியைத் தாமாக உண்டாக்கிக்கொள்ளும். டிஎச்சிபியும் ஒவ்வொரு முறையும் வேறு ஐபி கொடுக்கும். ஒரே இமேஜை எல்லா போர்டிலும் ஏற்றி எல்லாவற்றுக்கும் ஒரே முகவரி போய்ச் சேர்வது இதைவிட மோசம். தனியாக வைத்தால் ஒவ்வொன்றும் நன்றாக இருக்கும், ஒரே ஸ்விட்ச்சில் இரண்டை மாட்டினால் இரண்டும் விட்டுவிட்டு ஓடும். அதுபோல, டிவைஸ் ட்ரீ போர்டுகளில் புதிய சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களை ஓட்டும் மென்பொருள்) வந்தபின் நெட்வொர்க் போர்ட்டின் எத்0 என்ற பெயர் எண்ட்0 ஆக மாறியிருக்கலாம். பழைய பெயரை எழுதி வைத்த ஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் வேலை செய்யாமல் போகும்.

பிங் போன பிறகு

பிங் போவது ஆரம்பம்தான். இயல்பான பிங் வெறும் 56 பைட்தான் சுமக்கிறது. நான் உடனே 1472 பைட்டில், துண்டாக்காதே என்ற ஆப்ஷனோடு அனுப்பிப் பார்ப்பேன். அதோடு ஐசிஎம்பி தலைப்பு 8, ஐபி தலைப்பு 20 சேர்த்தால் சரியாக 1500. சின்ன பிங் போய்ப் பெரிய பிங் விழுந்தால் டிலே விளிம்பில் நிற்கிறது, அல்லது பஃபர் அளவில் ஏதோ தவறு.

அதன் பிறகு வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3. எந்த எண் வர வேண்டும் என்று முன்பே தெரிந்துகொண்டு ஓட்டினால்தான் அளப்பதில் அர்த்தம். 1500 பைட் பாக்கெட்டில் ஐபி, டிசிபி தலைப்புகளும் டைம்ஸ்டாம்ப்பும் போக 1448 பைட் மிஞ்சும். கம்பியிலோ ஈதர்நெட் தலைப்பு, சிஆர்சி, முன்னோட்ட பைட்டுகள், இடைவெளி எல்லாம் சேர்ந்து 1538 பைட் இடத்தைப் பிடிக்கிறது. வகுத்துப் பார்த்தால் 94 சதவீதத்துக்குச் சற்று மேல். ஆகவே கிகாபிட்டில் 941, 100-இல் 94 எம்பிபிஎஸ் வந்தால் கம்பி நிரம்பிவிட்டது. அதற்கு மேல் தேடுவதற்கு எதுவும் இல்லை.

குறைவாக வந்தால் உடனே போர்டைக் குறை சொல்லாமல் சிப்பின் எல்லையைப் பாருங்கள். ஐ.எம்எக்ஸ்6 குவாட் பிராசஸரில் கிகாபிட் மேக் இருந்தாலும், அனுப்புவதும் வாங்குவதும் சேர்த்து 470 எம்பிபிஎஸ்தான் உச்சம் என்று அதன் எரேட்டா (தெரிந்த குறைகளின் பட்டியல்) ஆவணமே சொல்கிறது. 2018-இல் வந்த ராஸ்பெர்ரி பை 3பி+ கிகாபிட் லிங்க் காட்டும், ஆனால் உள்ளே யுஎஸ்பி 2.0 வழியாகப் போவதால் சுமார் 300-ஐத் தாண்டாது. 2019-இல் வந்த பை 4-இல் மேக் நேரடியாக இருக்கிறது, 940-ஐத் தொடும். இப்படிப்பட்ட எல்லை தெரியாமல் டிரைவரைச் சீர்செய்ய உட்கார்ந்தால் நேரம்தான் போகும்.

ஒரு திசையில் மட்டும் அளந்து நிறுத்தாதீர்கள். அனுப்புவது, வாங்குவது, இரண்டும் ஒரே நேரத்தில் என்று மூன்றும் வேண்டும். டிசிபி இழப்பை மறு அனுப்புதலால் மூடிமறைத்துவிடும் என்பதால், மறு அனுப்புதல் இல்லாத யுடிபியிலும் ஓட்டி, எத்தனை விழுந்தது என்று பாருங்கள். 100 லிங்க்கில் சில எம்பிபிஎஸ் மட்டும் வந்து, பிங் மட்டும் நன்றாகப் போனால் டூப்ளெக்ஸ் பொருந்தாமை. எதிரில் உள்ள ஸ்விட்ச்சில் யாரோ 100 ஃபுல் என்று கையால் பூட்டியிருப்பார்கள். நம் பக்கம் ஆட்டோவில் இருந்தால் வேகம் மட்டும் தெரியும், டூப்ளெக்ஸ் தெரியாது; விதிப்படி ஹாஃபுக்கு (ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும்) இறங்கிவிடும். இரண்டு பக்கமும் ஆட்டோ, அல்லது இரண்டு பக்கமும் பூட்டு.

கடைசியாக, நீண்ட ஓட்டம். வெப்பம் ஏறும்போது சிப்பின் உள் டிலேயும் நகரும். மேஜையில் விளிம்பில் தேறிய போர்டு, மூடிய பெட்டிக்குள் சூடான பிறகு சிஆர்சி பிழை காட்ட ஆரம்பிக்கும். அதனால் ராத்திரி முழுக்க இரு திசையிலும் ஓட விட்டு, காலையில் வேகத்தைப் பார்ப்பதற்கு முன் பிழை எண்ணைப் பார்ப்பேன். லிங்க் அவ்வப்போது விழுந்து எழுவதாகத் தெரிந்தால், சும்மா இருக்கும் நேரத்தில் மின்சாரம் சேமிக்கும் இஇஇ வசதியை எத்டூலில் அணைத்துவிட்டு மீண்டும் ஓட்டுவேன். சில ஸ்விட்ச்சுகளோடு அது ஒத்துப்போவதில்லை. கேபிள் இல்லாமல் பூட் செய்து பிறகு செருகுவது, ஓடும்போது பிடுங்கிச் செருகுவது, 100 மீட்டர் கேபிளில் மாட்டுவது, வேறு ஸ்விட்ச்சில் மாட்டுவது ஆகியவற்றையும் செய்கிறேன். எல்லா முறையும் ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் இரு பக்கத்து எத்டூல் புள்ளிவிவரத்தையும், பூட் செய்திகளையும், ஃபையின் முதல் 32 ரெஜிஸ்டர்களையும் ஒரு ஃபைலில் சேமித்து வைக்கிறேன். போர்டின் அடுத்த பதிப்பு வந்து ஏதாவது மாறினால் ஒப்பிட்டுப் பார்க்க அது ஒன்றுதான் இருக்கும். குட்டையான நல்ல கேபிளில் சிஆர்சி எண் இரு பக்கமும் பூஜ்யமாக நிற்காவிட்டால், வேகம் 941 வந்திருந்தாலும் அந்த போர்டைத் தேறியதாக நான் எழுதுவதில்லை.